கழியோர நிலத்தில் உப்பு குறைந்த பிறகு மண் இறுகிப்போவது ஏன்?

கேள்வி – ஒற்றியூர்வாசி

அனைவருக்கும் வணக்கம். நான் திருவொற்றியூரில் வசிக்கிறேன். மீஞ்சூருக்குக் கிழக்கே, எண்ணூர்க் கழியிலிருந்து பிரியும் ஓர் உப்பங்கழியை ஒட்டி எங்கள் குடும்பத்துக்குப் பட்டா நிலம் இருக்கிறது. முன்பு உப்பளமாக இருந்த இடம் அது. அதற்கும் முந்தைய காலத்தில் ஓதம் ஏறி இறங்கும் வெறும் சேற்றுத்தரையாகக் கிடந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். உப்பளத் தொழில் நின்ற பின்னர் கரையை உயர்த்தி, கழிநீர் உள்ளே வராதபடி மதகு அமைத்து, மழைநீரைத் தேக்கி உப்பைக் கழுவி, நெல் வைப்பதற்கு முயன்று வருகிறோம்.

கடந்த சில மழைக்காலங்களில் உப்பு கண்கூடாகக் குறைந்திருக்கிறது. முன்பெல்லாம் பங்குனியில் நிலம் முழுவதும் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். இப்போது வரப்போரங்களில் மட்டுமே பூக்கிறது. உமரிச் செடி பின்வாங்க, கோரையும் அறுகும் தலைகாட்டுகின்றன. ஆனால் உப்பு குறையக் குறைய மண் கெட்டுக்கொண்டே போகிறது என்பதுதான் எங்களுக்கு விளங்கவில்லை. உப்பு மிகுந்திருந்தபோது மேல்மண் பொலபொலவென்று இருந்தது, தண்ணீரும் கீழே இறங்கியது. இப்போது மழை பெய்தால் நீர் கலங்கலாக நாட்கணக்கில் நிற்கிறது. காய்ந்தால் ஏர் இறங்காதபடி இறுகி, கை நுழையும் அளவுக்கு வெடிக்கிறது. நட்ட நாற்று வேர் பிடிப்பதில்லை.

மேல் 15 செ.மீ. மண்ணின் பரிசோதனை முடிவு இது: பி.எச். 8.9. ஒரு பங்கு மண்ணை இரண்டு பங்கு நீரில் கலக்கி அளந்த, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 0.9 டெசிசீமென்ஸ், இதற்கு எதிரே ‘தீங்கற்றது’ என்று குறித்திருக்கிறார்கள். களித்துகள் 38 சதவீதம், கரிமக் கார்பன் 0.5 சதவீதம். அயனிப் பரிமாற்றத் திறன் (சோடியம், கால்சியம் போன்றவற்றை மண் பிடித்துவைக்கும் அளவு) 100 கிராம் மண்ணுக்கு 24 மில்லி ஈக்குவலன்ட், அதில் சோடியத்தின் பங்கு 31 சதவீதம்.

இன்னொரு செய்தியும் உண்டு. தென்மூலையில் பண்ணைக்குட்டை வெட்டியபோது இரண்டடிக்குக் கீழே கருநீலச் சேறு வந்தது. அழுகிய முட்டை வாடை அடித்தது. அதை அள்ளிக் கரையின் மேல் குவித்தோம். காய்ந்த பிறகு அதில் வெளிர்மஞ்சள் திட்டுகள் படிந்திருக்கின்றன, புல்கூட முளைக்கவில்லை. இரண்டும் ஒரே நோய்தானா? எல்லோரும் ஜிப்சம் போடச் சொல்கிறார்கள். எவ்வளவு போடுவது, எப்போது போடுவது?

பதில் – மண்ணியல் ஆசிரியர்

ஐயா, உங்கள் நிலத்தில் இருப்பவை இரண்டு வெவ்வேறு நோய்கள். ஒன்றுக்கான மருந்தை மற்றதற்குப் போட்டால் பணம்தான் வீணாகும். இரண்டையும் தனித்தனியாகவே பார்க்க வேண்டும்.

முதலில் மேல்மண். உப்பு குறைந்த பிறகும் மண் கெடுகிறது என்கிறீர்கள். உண்மையில் உப்பு மட்டும் குறைந்ததால்தான் கெட்டது. ஒரு கிலோ கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அதில் சோடியம் 10.8 கிராம், மக்னீசியம் 1.3 கிராம், கால்சியமோ 0.4 கிராம் மட்டுமே. பல தலைமுறைகளாக இந்த நீரில் ஊறிய களித்துகள்களின் பரப்பில், எதிர்மின்னேற்றம் உள்ள இடங்களில் பெரும்பகுதியைச் சோடியம் பிடித்துக்கொள்கிறது. மண்நீரில் உப்பு அடர்த்தியாக இருக்கும் வரை அதன் தீங்கு வெளியே தெரியாது. அடர்த்தியான உப்புக்கரைசல் களித்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் குருணைகளாக வைத்திருக்கும். நீங்கள் முன்பு பார்த்த பொலபொலப்பு அதனால் வந்ததுதான்.

மழைநீர் தேங்கி இறங்கும்போது மண்நீரில் கரைந்திருந்த உப்பு முதலில் போய்விடுகிறது. ஆனால் களியின் மேல் ஒட்டியிருக்கும் சோடியம் போவதில்லை, ஏனெனில் அதைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் அமர மழைநீரில் கால்சியம் இல்லை. ஆகவே கரைசல் நீர்த்துப்போக, ஒட்டிய சோடியம் மட்டும் எஞ்ச, துகள்கள் ஒன்றையொன்று விலக்கித் தனித்தனியாகச் சிதறுகின்றன. சிதறிய துகள் நுண்துளைகளில் போய் அடைத்துக்கொள்ளும். நீர் கலங்கலாக நிற்பது அதனால்தான். காய்ந்ததும் இறுகுவதும் அதனால்தான். அதாவது உவர் நிலமாக இருந்தது களர் நிலமாக மாறிவிட்டது. பரிமாற்ற சோடியம் 15 சதவீதத்தைத் தாண்டினால் களர் என்பது பொது வரையறை, உங்களுடையது 31.

‘தீங்கற்றது’ என்ற குறிப்பை நம்பி இருந்துவிட வேண்டாம். பாடநூல்களில் உவர் நிலத்துக்கு எல்லையாகச் சொல்லும் 4 டெசிசீமென்ஸ் என்பது நீர் நிறைந்த மண்பசையிலிருந்து வடித்தெடுத்த சாற்றின் அளவு. இரண்டு பங்கு நீரில் கலக்கி அளந்தால் உப்பு நீர்த்துவிடும். அந்த எண்ணை எல்லையோடு அப்படியே ஒப்பிடக் கூடாது. உங்களுடையது போன்ற களிமண்ணில் சாற்றின் அளவு இதைவிடப் பல மடங்காக இருக்கலாம். அடுத்த முறை சாற்றில் அளக்கும்படி கேட்டு வாங்குங்கள்.

சோதனைக்கூடத்துக்குப் போகாமலே களரை உறுதிசெய்ய எளிய வழி உண்டு. நன்கு காய்ந்த மண்ணில் பட்டாணி அளவு கட்டி ஒன்றை, மழைநீர் உள்ள கண்ணாடிக் குவளையில் மெல்ல இறக்கி அசைக்காமல் விட்டுவிடுங்கள். கட்டி வெறுமனே உதிர்ந்து குவிந்தால் கவலை குறைவு. அதைச் சுற்றிப் பால் போன்ற கலங்கல் படர்ந்தால் களி சிதறுகிறது என்று பொருள். உப்புநீரில் இந்தச் சோதனையைச் செய்தால் உண்மை மறைந்துவிடும்.

இனி ஜிப்சம். அது கால்சியம் சல்பேட்; நீரில் கரைந்து, சோடியத்தைத் தள்ளிவிடத் தேவையான கால்சியத்தைத் தரும். பரிமாற்ற சோடியத்தை 31லிருந்து 10 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டுமானால் 24இல் 21 சதவீதம், அதாவது 100 கிராமுக்கு ஏறத்தாழ 5 மில்லி ஈக்குவலன்ட் சோடியத்தை வெளியேற்ற வேண்டும். மேல் 15 செ.மீ. மண்ணில் ஒரு மில்லி ஈக்குவலன்ட்டுக்கு ஏக்கருக்குச் சுமார் 0.78 டன் தூய ஜிப்சம் தேவை. ஆகவே மொத்தம் 3.9 டன், கிடைக்கும் ஜிப்சத்தின் தூய்மை 80 சதவீதம் என்றால் 4.9 டன். நெல் வைப்பதாக இருந்தால் முதலில் இதில் பாதியைப் போட்டாலே போதும் என்பது நம் நாட்டுக் களர் நிலச் சீர்திருத்தத்தில் நிலைத்துவிட்ட நடைமுறை, ஏனெனில் நெல்லின் வேரும் தேங்கிய நீரும் எஞ்சிய வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துவிடும். ஏக்கருக்கு 2.5 டன் ஜிப்சம் கரைய எவ்வளவு நீர் வேண்டும் என்பதையும் கணக்கிடலாம். ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 2.5 கிராம்தான் கரையும். எனவே சுமார் 25 செ.மீ. நீர் தேவை. ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பகுதிக்கு இதைவிட மிகுதியாகவே கிடைக்கிறது. ஆகவே ஜிப்சம் அதற்கு முன்பே மண்ணில் இருக்க வேண்டும்.

குட்டைச் சேறு வேறு கதை. ஓதநீரில் சல்பேட் உண்டு. காற்றுப் புகாத சேற்றில், மக்கும் இலைதழையை உண்டு வாழும் நுண்ணுயிர்கள் அதைச் சல்பைடாக மாற்றுகின்றன. அது மண்ணின் இரும்போடு சேர்ந்து பைரைட் என்ற கனிமமாகப் படிகிறது. நீருக்கடியில் அதனால் எந்தத் தீங்கும் இல்லை. வெளியே எடுத்துக் காயவிட்டால் காற்று பட்டுக் கந்தக அமிலமாகிறது. வெளிர்மஞ்சள் திட்டு ஜாரோசைட் என்ற கனிமமாக இருக்கலாம், பி.எச். 4க்குக் கீழே இருந்தால் ஐயம் பெரும்பாலும் தீரும். பழுப்பு கலந்த மஞ்சளாக இருந்து அமிலமும் இல்லையென்றால் அது வெறும் இரும்புத்துருவாக இருக்கலாம். கேரளத்தின் குட்டநாட்டில் ‘கரி’ நிலம் என்று சொல்லப்படுவது இந்த வகை அமில மண்தான். இன்னும் காயாத சேற்றை 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றிச் சோதிப்பார்கள். நுரைத்துச் சூடேறிய பின் பி.எச். 2.5க்குக் கீழே இறங்கினால் பைரைட் மிகுதி என்று கொள்ளலாம். அந்தத் திரவம் தோலைப் பொசுக்கும். ஆய்வகத்தாரே அதைச் செய்யட்டும்.

பதில் – பொன்னேரிப் பக்கத்து விவசாயி

ஆசிரியர் ஐயா சொன்ன கணக்கில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் தண்ணீர் வெளியேற வழி இல்லாத நிலத்தில் எத்தனை டன் போட்டாலும் பயனில்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஜிப்சம் தள்ளிவிடும் சோடியம் வடிநீரோடு நிலத்தைவிட்டே போக வேண்டும். நம் கடற்கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கமே சுமார் ஒரு மீட்டர்தான். அதிலும் முகத்துவாரம் மணலால் அடைபட்டு, கழியில் நீர் உயர்ந்து நிற்கும் காலங்களில் மதகைத் திறந்தாலும் நீர் வெளியே போகாது. எனவே வயலுக்குள் மூன்றடி ஆழத்துக்கு வடிகால் வெட்டி, ஓதம் இறங்கும் வேளை பார்த்து மதகைத் திறந்து, ஏறுமுன் அடைக்கிற ஒழுங்கு வேண்டும். உங்களுக்குக் கீழே கருஞ்சேறு இருப்பதால், வடிகால் அந்த அடுக்கைத் தொடாமல் அதற்கு மேலேயே நிற்கட்டும். ஆழம் போதாத இடத்தில் வடிகால்களை நெருக்கமாக வெட்டிக்கொள்ளலாம்.

பங்குனி, சித்திரையில் நிலத்தை வெறுமனே போடாதீர்கள். வெயிலில் நீர் மேலேறி ஆவியாகும்போது கீழே இருக்கும் உப்பும் கூடவே மேலே வந்துவிடும். வைக்கோல் மூடாக்கோ, கோடை உழவோ இருந்தால் அந்த ஏற்றம் தடைபடும். ஆடியில் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கத் தொடங்கும் பருவத்தில் மடக்கி உழுங்கள். களரிலும் உவரிலும் அது போல் தாக்குப்பிடிக்கும் பசுந்தாள் பயிர் வேறில்லை என்றே சொல்வேன். அது மக்கும்போது உண்டாகும் கரியமில வாயு, மண்ணில் கிளிஞ்சல் இருந்தால் அதைக் கரைத்துக் கொஞ்சம் கால்சியத்தையும் தரும். பிறகு பறம்படித்துச் சமன் செய்து சம்பா நடுங்கள். மேடு பள்ளம் இருந்தால் மேட்டில் உப்பு தங்கும். களர் நிலத்துக்காகத் திருச்சியில் உருவான திருச்சி 1, திருச்சி 3 ரகங்களையும் கோ 43ஐயும் சிறிய அளவில் வைத்துப் பாருங்கள். நாற்று கொஞ்சம் முதிர்ந்ததாக இருக்கட்டும், குத்துக்கு ஒன்றிரண்டு கூடுதலாகவும் வையுங்கள்.

ஆழ்துளைக் கிணற்று நீரைப் பாய்ச்சவே வேண்டாம். மீஞ்சூர் வட்டாரத்தில் பல ஆண்டுகளாக நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் உள்ளே புகுந்தது ஊரறிந்த செய்தி. இத்தனை பாடுபட்டு வெளியேற்றிய சோடியத்தைக் குழாய் வழியே நாமே திரும்பக் கொண்டுவரக் கூடாது.

பதில் – மணலி வாசகர்

சேறும் மேல்மண்ணும் இரண்டுமே கெட்டிருப்பதால், கிளிஞ்சல் சுண்ணாம்பை நிலம் முழுவதும் தூவினால் இரண்டும் சரியாகாதா? ஜிப்சத்தைவிட நமக்கு அது எளிதாகக் கிடைக்கிறதே.

பதில் – கனிம ஆய்வக ஊழியர்

அமிலச் சேற்றுக்குச் சுண்ணாம்பு சரியான மருந்து. பி.எச். 8.9 உள்ள மேல்மண்ணில் அது ஏறக்குறையக் கரையாமலே கிடக்கும். சோடியத்தைத் தள்ளும் அளவுக்குக் கால்சியம் வெளிவராது. சுட்ட சுண்ணாம்பாகப் போட்டால் காரம் இன்னும் ஏறும்.

கேட்டவர் தந்திருக்கும் எண்களில் கனிம வகையைப் பற்றிய ஒரு தடயம் ஒளிந்திருக்கிறது, அதைப் பேசாமல் விட மனமில்லை. பரிமாற்றத் திறன் 24இல் கரிமப் பொருளின் பங்காகத் தோராயமாக 2ஐக் கழித்தால் 22. அது 38 சதவீதக் களியிலிருந்து வருகிறது. ஆகவே 100 கிராம் தனிக்களிக்கு 58 அளவில் இருக்கும். களிக் கனிமங்களில் கயோலினைட்டின் திறன் 3 முதல் 15 வரை, இல்லைட்டின் திறன் 10 முதல் 40 வரை, நீர் பட்டால் பருத்து விரியும் ஸ்மெக்டைட்டின் திறன் 80க்கு மேல். ஆகவே உங்கள் களியில் ஸ்மெக்டைட் கணிசமாகக் கலந்திருக்க வேண்டும்; கை நுழையும் வெடிப்பும் அதைத்தான் காட்டுகிறது. உறுதிப்படுத்த, கனிம அடுக்குகளின் இடைவெளியை அளக்கும் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு ஆய்வு செய்யலாம். எத்திலீன் கிளைக்கால் ஆவியில் வைத்தால் ஸ்மெக்டைட்டின் அடுக்கிடைவெளி 14, 15 ஆங்ஸ்ட்ராமிலிருந்து (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) 17 ஆக விரியும், இல்லைட் 10இலேயே நிற்கும், கயோலினைட்டின் 7.2 ஆங்ஸ்ட்ராம் முகடு 550 பாகை செல்சியஸில் சூடேற்றினால் மறைந்துவிடும்.

இதனால் விவசாயிக்கு என்ன பயன் என்றால், வேலையின் வரிசையை இதுவே தீர்மானிக்கிறது. ஸ்மெக்டைட் வெடிக்கும் என்பதால், ஆவணி, புரட்டாசியில் வெடிப்பு வாய் திறந்திருக்கும்போது ஜிப்சத்தைத் தூளாகத் தூவினால் அது ஆழத்துக்கும் இறங்கும். ஆனால் கழுவும் நீரை அதே வெடிப்பின் வழியே ஓடவிட்டால், கட்டிகளின் உள்ளே இருக்கும் சோடியத்தைத் தொடாமலே அது கீழே போய்விடும். ஜிப்சம் போட்டதும் மேலாக உழுது வெடிப்பை மூடி, அதன் பிறகே நீரைத் தேக்க வேண்டும்.

வெளிநாட்டு அனுபவங்களைப் படித்துவிட்டு அப்படியே பின்பற்ற வேண்டாம் என்பதற்கும் கனிமமே காரணம். கொரியாவில் 33.9 கி.மீ. நீளக் கடற்சுவரால் அடைத்து 2010இல் கட்டிமுடித்த சேமங்கும் போன்ற இடங்களில், பல மீட்டர் ஏறி இறங்கும் ஓதம் கொண்டுவந்து சேர்த்த வண்டல் பெரும்பாலும் நுண்மணலும் வண்டல்துகளும்தான். களியில் இல்லைட்டும் குளோரைட் என்ற கனிமமும் மிகுதி, ஸ்மெக்டைட் குறைவு. அங்கே உப்பு கழுவ எளிது, நீரையும் சத்தையும் பிடித்துவைப்பதுதான் கடினம். நெதர்லாந்தில் 1930 முதல் கடலுக்குத் தடுப்பணை கட்டி மீட்ட நிலங்களில் பலவற்றின் சேற்றிலேயே சுண்ணாம்புக் கனிமம் பரவலாகக் கலந்திருந்தது. மண் காய்ந்து பக்குவப்படும்போது அதிலிருந்து கரைந்த கால்சியமே சோடியத்தைத் தள்ளிவிட்டது. உங்கள் மண்ணில் அது எவ்வளவு என்று அறிய, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை மண்ணின் மேல் ஒரு துளி விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு உண்டு.

எண்ணூர்க் கழியில் அனல்மின் சாம்பல் படிந்த பகுதிகள் இருப்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வண்டல் என்று நாம் நினைக்கும் சாம்பல்நிற அடுக்கு, நுண்ணோக்கியில் சின்னஞ்சிறு கண்ணாடி உருண்டைகளாகத் தெரிந்தால் அது ஆற்று வண்டல் அன்று. எக்ஸ் கதிரில் முல்லைட் என்ற கனிமத்தின் முகடும் எழும். சாம்பலிலிருந்து போரான் கரைந்து வரக்கூடும், அது மிகுந்தால் இலைநுனி கருகும். அப்படி ஓர் அடுக்கு கண்ணில் பட்டால் போரான் அளவையும் சேர்த்துக் கேளுங்கள்.

கேட்டவர் – ஒற்றியூர்வாசி

மிக்க நன்றி. மழைநீர்க் குவளையில் மேல்மண் கட்டியைச் சுற்றிப் பாலாகப் படர்ந்தது. கரையில் குவித்த சேற்றைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து பி.எச். தாளில் பார்த்தபோது 3.5க்கும் 4க்கும் இடையே காட்டியது. மேல்மண்ணில் அமிலத்துளி விட்டபோது கிளிஞ்சல் துண்டுகள் மட்டும் நுரைத்தன, மண் நுரைக்கவில்லை. ஒரு ஐயம்: ஒன்று அமிலம், மற்றது காரம் என்றால், கரையிலிருக்கும் சேற்றையே மேல்மண்ணில் கலந்தால் இரண்டும் ஒன்றையொன்று ஆற்றிக்கொள்ளாதா?

பதில் – மண்ணியல் ஆசிரியர்

நல்ல கேள்வி, அடிப்படையும் சரியானதே. பீகாரின் அம்ஜோரில் கிடைத்த பைரைட் தாதுவை நம் நாட்டில் களர் நிலங்களுக்கு மருந்தாகப் போட்டிருக்கிறார்கள். கந்தக அமிலம் மண்ணிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்து, அந்த இடத்திலேயே ஜிப்சத்தை உண்டாக்கும். ஆனால் அதற்கு மண்ணில் சுண்ணாம்பு தூளாகப் பரவியிருக்க வேண்டும். உங்கள் மேல்மண்ணில் கிளிஞ்சல் துண்டாக மட்டும் இருப்பதால், வெளிவரும் கால்சியம் போதாது, பி.எச். குறையும், சோடியமோ அங்கேயே இருக்கும். சேற்றில் அமிலம் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருப்பதும் இல்லை. மிகுந்த இடத்தில் அலுமினியம் கரைந்து வேரைக் கருக்கிவிடும். ஆசை இருந்தால் ஒரு சென்ட் அளவில், ஜிப்சத்தோடு சேர்த்து, மெல்லிய அடுக்காகக் கலந்து ஒரு பருவம் பாருங்கள். முழு நிலத்துக்கும் இப்போது வேண்டாம்.

எஞ்சிய சேற்றுக் குவியலுக்குச் சுண்ணாம்பு கணக்கிடும்போது, பைரைட் 1 சதவீதம் இருந்தால் சுண்ணாம்புக்கல் தூள் குறைந்தது 1.7 சதவீதம் தேவைப்படும் என்று கொள்ளுங்கள். கிளிஞ்சலை நன்றாக இடித்துப் போட வேண்டும். முழுச் சிப்பியாகப் போட்டால் அதன் மேல் இரும்புத்துரு படிந்து உள்ளே வேலை நின்றுவிடும். குட்டையை இனி ஆழப்படுத்த வேண்டாம். கோடையிலும் அடிச்சேற்றின் மேல் நீர் நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நனைந்து கிடக்கும் வரை பைரைட் உறங்கும். கரையைக் கிழக்கே நகர்த்தும் எண்ணம் குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் அதையும் கைவிடுங்கள். ஓதம் ஏறும் சேற்றுத்தரையும் அலையாத்தியும் உவர்ச்சதுப்பும் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் முதல் வகைப் பாதுகாப்பில் வருபவை. அதோடு, புதிதாக அடைக்கும் ஒவ்வொரு அடியிலும் இதே கருஞ்சேறுதான் கீழே காத்திருக்கும்.

முதல் மழைக்கு முன் செய்தே ஆக வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கோடை முழுவதும் அந்தக் குவியலில் சேர்ந்த அமிலமும், கரைந்த இரும்பும் அலுமினியமும் முதல் இரண்டு மூன்று மழையில்தான் மொத்தமாக வெளிவரும். அந்த நீர் மதகு வழியே கழிக்குப் போனால் மீனும் இறாலும் செத்து மிதக்கும். வலை போடுகிறவர்களின் பிழைப்பு அன்றைக்கே கெடும். குவியலைச் சுற்றிச் சிறு வாய்க்கால் வெட்டி, அதில் இடித்த கிளிஞ்சலை நிரப்பி, வழியும் நீர் தனிக் குழியில் தேங்கும்படி செய்யுங்கள். அந்தக் குழிநீரின் பி.எச். 6க்கு மேல் வந்த பிறகே மதகின் பக்கம் திறந்துவிடுங்கள்.